முதியோர் இல்லத்தில் அம்மா, அப்பா: மாத்திரைப் பட்டியல் உங்கள் போனில் இருக்கிறதா?

பிள்ளைகளுக்குச் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை. மேலூரில் தனியாக இருந்த அம்மாவை மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். கூடவே ஒரு பை நிறைய மாத்திரையும் போகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டில் தந்தது, ராஜாஜி அரசு மருத்துவமனையில் வாங்கியது, தனியார் டாக்டர் எழுதியது என எல்லாம் அதில் கலந்திருக்கும். சிக்கல் அந்தப் பையில்தான் தொடங்குகிறது.

ஒரே மருந்து, ரெண்டு பேரு

அரசு தரும் பி.பி. மாத்திரை அட்டையில் 'அம்லோடிபின்' என்று மருந்தின் மூலப்பெயர் இருக்கும். தனியார் டாக்டர் அதையே ஒரு பிராண்டு பெயரில் எழுதியிருப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் சேர்த்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் அளவுக்கு மேல் குறையலாம், தலைசுற்றி விழலாம்.

இது அடிக்கடி நடக்கிறதா?

இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 முதியோரிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. ஒருவருக்குச் சராசரியாக 8 மருந்துகள். 10-ல் 7 பேருக்கு ஒரு தவறாவது நடந்திருந்தது. மருந்து எழுதுவது, கடையில் எடுத்துக் கொடுப்பது, வேளைக்குத் தருவது, கண்காணிப்பது என எல்லாக் கட்டத்திலும் தவறு இருந்தது. ஆக, இல்ல ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எந்த மாத்திரையில் கூடுதல் கவனம்?

முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் பட்டியலிட்டார். முதலில் அது முதியோர் இல்லவாசிகளுக்காகவே உருவானது. 2023-ல் புதுப்பிக்கப்பட்ட பட்டியலில் சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், சில தூக்க மாத்திரைகள், சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு போன்றவை உள்ளன. இவற்றால் மனக்குழப்பம், கீழே விழுதல், தாழ்சர்க்கரை வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இல்லத்தில் கேட்க வேண்டியவை

• மாத்திரை கொடுப்பது யார்? ஒவ்வொரு வேளையும் பதிவேட்டில் எழுதுகிறார்களா?
• அம்மா சாப்பிடாத நாளில் சர்க்கரை மாத்திரை தரலாமா என்று யாரைக் கேட்பார்கள்?
• விழுங்க முடியாவிட்டால் பொடித்துத் தருகிறார்களா? 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.' என்று போட்ட மாத்திரையைப் பொடிக்கவே கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

பையைக் கொட்டி எல்லா அட்டைகளையும் போட்டோ எடுங்கள். மூலப்பெயர், அளவு, வேளை, எதற்காக என்று ஒரே பட்டியல் போட்டு ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பிரதி இல்லத்தில், ஒன்று உங்கள் போனில். மருத்துவமனையில் இருந்து திரும்பும்போதெல்லாம் பட்டியலைத் திருத்துங்கள்.

புது மாத்திரை தொடங்கிய பிறகு அப்பா திடீரெனத் தள்ளாடினால், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்கக் கட்டணமில்லா எண் 1800-180-3024. முதியோர் உதவி எண் 14567.