உழவு இயந்திரத்தின் ஹெட் கஸ்கட்டை மாற்றும் முறை

கண்டி, பேராதனை, கம்பளைப் பகுதிகளின் படிக்கட்டு வயல்கள் ஒடுங்கியவை; அவற்றுக்கு இரு சில்லு உழவு இயந்திரமே ஏற்றது. பெரும்போக உழவின்போது அது பழுதுற்று நிற்பின் வாய்க்கால் நீரின் முறை தவறி, விதைப்பும் பிந்தும்.

நீராற் குளிரும் டீசல் இயந்திரத்தில் உருளைக்கும் அதன் தலைக்கும் இடையேயுள்ள மென்தகடே ஹெட் கஸ்கட் ஆகும். ரேடியேற்றரில் நீர் குறைந்தாலும் சேறு அடைத்தாலும் இயந்திரம் மிகச் சூடேறி, இத்தகடு கருகிப் பிளக்கும். ரேடியேற்றர் நீரில் குமிழி எழுதல், எண்ணெய் பால்போல் வெளுத்தல், வலுக் குன்றல் ஆகியன இதன் அறிகுறிகளாம்.

1. இயந்திரம் முற்றாக ஆறியபின் நீரையும் எண்ணெயையும் வடித்துவிடுக.

2. டீசல் குழாயையும் வால்வு மூடியையும் கழற்றி, தலையின் நட்டுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக.

3. பழைய தகட்டிற் கல்நார் இருத்தல் கூடும். ஆகவே அதனை நனைத்து, கீறல் விழாது சுரண்டுக. தலை வளைந்திருப்பின் பட்டறையில் மட்டஞ்செய்விக்க. இன்றேல் புதிய தகடும் விரைவிற் கருகும்.

4. புதிய தகட்டையே இட்டு, நட்டுகளைக் குறுக்காக மும்முறையில், கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்குக.

5. வால்வு இடைவெளியைச் சரிசெய்து, புதிய எண்ணெயும் நீரும் ஊற்றி, டீசல் குழாயிலுள்ள காற்றை நீக்கி இயக்குக.

நாள்தோறும் உழவுக்கு முன் நீர்மட்டம் பார்க்கும் கமக்காரருக்கு இவ்வேலை அரிதாகவே நேரும்.