லேசருக்கு இன்னும் கூட்டம் கூடுமா?

இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் கோவில் திருவிழா என்றால், சாமி ஊர்வலம் முடிந்த கையோடு மேடை நிகழ்ச்சி தொடங்கிவிடும். இப்போதெல்லாம் சவுண்ட் செட்டோடு லேசர் பெட்டியும் வாடகைக்கு வந்து இறங்குகிறது. பச்சைக் கதிர் கோவில் கூரைக்கு மேல் விசிறியாக விரியும்போது பிள்ளைகள் குதிப்பார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் பழைய கதைக்கும் கச்சான் கடைக்கும் திரும்பிவிடுவார்கள். அதே மக்கள்தான் மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்க்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே, மலையகத்தாருக்குப் பொறுமை போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. லேசரிடம் ஏதோ குறைகிறது.

ஒரு காலத்து அதிசயம்

தியோடர் மைமன் என்ற அமெரிக்கர் 1960 மே மாதத்தில் முதல் லேசரை ஒளிரச் செய்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1973 நவம்பர் 19ஆம் திகதி, லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் வானாய்வகத்துக் கோள்மண்டல அரங்கில் ஐவன் டிரையர் என்பவர் 'லேசேரியம்' என்ற காட்சியைத் தொடங்கினார். ஒரு கிரிப்டான் வாயு லேசரின் ஒளியை முப்பட்டகம் வழியாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலமெனப் பிரித்து, இசைக்கு ஏற்பக் கூரையில் ஆடவிட்டார்கள். அந்த அரங்கில் அது 2002 வரை ஓடியது.

அதன் உயிர் இயந்திரத்தில் மட்டும் இருக்கவில்லை. கட்டுப்பாட்டு மேசையில் ஒரு கலைஞர் உட்கார்ந்து, வாத்தியம் வாசிப்பவரைப் போல ஒவ்வொரு இரவும் கையால் ஒளியை இயக்கினார். பாட்டு அதேதான், ஆனால் நேற்றுப் பார்த்த காட்சி இன்று அப்படியே வராது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பசிபிக் விஞ்ஞான நிலையத்தில் லேசர் கூடம் இன்றும் நடக்கிறது. அங்கேயும் காட்சியை நடத்த ஆள் இருக்கிறார்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது? அன்றைய வாயு லேசருக்குப் பெரும் மின்சாரமும், சூட்டைத் தணிக்க ஓடும் தண்ணீரும் வேண்டியிருந்தன. அரங்குக்குப் போனால்தான் பார்க்கலாம். இன்றைய குறைகடத்தி லேசர், வீட்டுப் பிளக்கில் செருகினாலே எரிகிறது. அதன் தம்பி, லேசர் சுட்டி, சாவிக்கொத்தில் தொங்குகிறான். பெட்டிக்குள்ளேயே பத்து இருபது கோலங்கள் பதிவாகி வருவதால், பொத்தானை அமுக்கிவிட்டு ஆள் சாப்பிடப் போய்விடலாம். அரிதாக இருந்தது மலிந்தது. கையால் நடந்தது தானாக ஓடியது. அதற்குள் எல்ஈடி திரையும் ட்ரோனும் வந்துவிட்டன. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக 1,218 ட்ரோன்கள் சேர்ந்து வானத்தில் உருவம் வரைந்தன. அதைக் கைபேசியில் பார்த்த பிள்ளைக்கு, நான்கு பச்சைக் கோடுகள் எம்மாத்திரம்?

கதை இருந்தால் கால் வலிக்காது

பழைய ஒளி என்பதாலேயே கூட்டம் வராது என்றால், வெசாக் தோரணங்கள் எப்போதோ அணைந்திருக்க வேண்டும். பல்லாயிரம் வண்ண பல்புகள் மாறி மாறி எரியும் அந்தப் பந்தல்களில் உள்ள தொழில்நுட்பம் லேசரைவிடப் பழையது. முன்பு, தகடு பதித்த ஓர் உருளை சுழலச் சுழல, விளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்டு பாய்ந்தது. இப்போது மின்னணுச் சுற்றுகள் அதைச் செய்கின்றன. ஆனால் நடுவில் புத்தரின் முற்பிறப்புக் கதை ஒன்று சித்திரங்களாக நிற்கிறது. ஒலிபெருக்கியில் அந்தக் கதையைப் பாட்டாகச் சொல்கிறார்கள். பந்தலைக் கட்டியவர்கள் அந்த வட்டாரத்து ஆட்கள். கொழும்பில் வெசாக் இரவுகளில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் மைல் கணக்கில் நடப்பது வெளிச்சத்துக்காக மட்டுமல்ல.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜான் மிஷேல் ஜார், 1986 ஏப்ரல் 5ஆம் திகதி ஹூஸ்டன் நகரத்து வானளாவிகளைத் திரையாக்கி, லேசரும் வாணவேடிக்கையுமாக நடத்திய நிகழ்ச்சிக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஜனவரியில்தான் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ரொனால்ட் மெக்நேர், விண்வெளியிலிருந்தே இந்த நிகழ்ச்சிக்காகச் சாக்சபோன் வாசிக்கவிருந்தவர். அவர் வாசிக்கவேண்டிய பகுதியை இன்னொரு கலைஞர் வாசித்தார். விண்வெளி வீரர்களின் ஊர் ஹூஸ்டன். அன்று அந்த மக்களுக்கு அது வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது.

டில்லி செங்கோட்டையின் ஒலி-ஒளிக் காட்சி 1965இல் தொடங்கியது. 2023 ஜனவரியில் அதற்குப் பதிலாக வந்த புதுக் காட்சியில், சுவர்களில் படம் வீழ்த்தும் நுட்பத்தோடு நடிகர்களையும் நடனத்தையும் சேர்த்திருக்கிறார்கள். வெளிச்சம் எவ்வளவு நவீனமானாலும், அதன் முன்னால் ஒரு மனிதர் நிற்கவேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பனி நம் பக்கம், மழை எதிர்ப்பக்கம்

தூய காற்றில் லேசர்க் கதிரைப் பக்கவாட்டில் நின்று பார்க்க முடியாது. தூசியிலோ நீர்த்துளியிலோ பட்டுச் சிதறினால்தான் கோடு தெரியும். அதனால்தான் கொழும்பு மேடைகளில் புகை இயந்திரம் வைக்கிறார்கள். உடப்புசல்லாவையில் அந்தச் செலவு வேண்டியதில்லை; பொழுது சாய்ந்தால் பனிமூட்டம் தானாக மலையிறங்கும். மெல்லிய பனியில் கதிர் பளிங்குக் குழாயாகத் தெரியும். தடித்த பனி வந்தால் பத்தடியில் விழுங்கிவிடும்.

மழைதான் கவலை. ரஷ்யாவின் விளாதிமிர் பிரதேசத்தில், 2008 ஜூலையில் ஒரு திறந்தவெளி இசைவிழாவில் மழைக்காக மேலே கூடாரம் கட்டினார்கள். அதனால், வானத்தை நோக்கிப் போகவேண்டிய சக்திமிக்க லேசர் கூட்டத்தின் மேல் பாய்ந்தது. சுமார் 30 பேருக்கு விழித்திரை காயப்பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டது. மழை வந்தால் மேடைக்கு மேல் படங்கு இழுத்துக் கட்டுவது நமக்கும் வழக்கம். படங்கு கட்டினால் லேசரை அணைக்கவேண்டும். மற்ற நேரத்தில் கதிர் ஆள் உயரத்துக்கு நன்றாக மேலேதான் போகவேண்டும். வாடகைக்குக் கொண்டுவருபவரிடம் திருவிழாக் கமிட்டி முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

நெற்றிக்கண் திறக்கும் நேரம்

காமன் கூத்தில் மன்மதனாகவும் ரதியாகவும் வேஷம் கட்டுபவர்கள் பக்கத்து லயத்துப் பிள்ளைகள். தப்படிப்பவர் தெரிந்தவர். அடுத்து என்ன வருமென்பது பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் காத்திருக்கிறார்கள், ஈசன் நெற்றிக்கண் திறந்து காமன் எரியும் அந்தக் கட்டத்துக்காக.

லேசர் வரவேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரவு முழுவதும் விளக்கைச் சுழலவிடாமல், ஜெனரேட்டர் வெளிச்சத்தைக்கூடக் குறைத்துவிட்டு, தப்பு உச்சத்துக்குப் போகும் அந்தக் கணத்தில் மட்டும், தலைகளுக்கு மேலே பனியைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு சிவப்புக் கதிர் போகட்டும். மரபைக் கெடுப்பதாகப் பெரியவர்கள் சொல்லக்கூடும். கூத்து மாஸ்டரின் சம்மதம் இல்லாமல் செய்யவும் கூடாது. ஆனால் ஒலிபெருக்கியும் ஒருநாள் புதிதாகத்தான் கூத்துக் களத்துக்குள் வந்தது.

பழைய லேசருக்கு இன்னும் கூட்டம் கூடும். ஆனால், ஈசன் கண் திறக்கும் நேரம் எதுவென்று தெரிந்த ஓர் ஆள் அந்தப் பொத்தானில் விரல் வைத்திருக்கவேண்டும்.