வீட்டுக்கே நெருப்பு வைத்த குயவர்

வாழைச்சேனையில் மட்டக்களப்பு பஸ் ஏறினால் கிரான், சித்தாண்டி தாண்டிச் செங்கலடி வரும். பேரிலேயே செங்கல்லைச் சுமந்துகொண்டு நிற்கும் அந்த ஊர்ப்பலகையைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. கடலுக்கு அந்தப்பக்கம் புதுச்சேரியில் ஒருவர் பார்த்த வேலைதான் காரணம். வரவேற்பறைச் சுவருக்குச் சுட்டமண் சிற்பம் செய்து தாருங்கள் என்று குயவரிடம் கேட்பவர்கள் உண்டு. இவர் வீட்டையே சுட்டுக் கொடுத்தார்!

பெயர் ரே மீக்கர். அமெரிக்காவில் கட்டிடக்கலையும் மட்பாண்டக்கலையும் படித்தவர். 1971இல் டெபோரா ஸ்மித்தோடு சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தைத் தொடங்கினார். ஈரானியக் கட்டிடக்கலைஞர் நாதர் கலீலி மண்வீடுகளைச் சுட்டுப் பார்த்தவர். அந்தப் பைத்தியம் 1980களின் நடுவில் இவரையும் பிடித்தது.

இனி உள்ளே எட்டிப் பார்ப்போம். சுடாத பச்சைச் செங்கல், மண் சாந்து, அவ்வளவுதான் சாமான். மரம் வைத்தால் எரிந்துவிடும் என்பதால் கூரையும் கல்லாலேயே வளைந்து ஏறும். பிறகுதான் கூத்து. குடியிருக்க வேண்டிய அறைக்குள் இன்னும் பச்சைக் கல்லையும் ஓடுகளையும் திணித்து, தீ மூட்டுவார்கள். வீடே சூளை! வழமையான சூளையில் வெப்பத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தைச் சூளைச் சுவரே குடித்துவிடும், வீண். இங்கே அந்த வீண்தான் வீட்டைச் சுடுகிறது. உள்ளே வெந்த கல்லை விற்று விறகுக்காசைப் பார்த்துக்கொள்ளலாம். என்ன தந்திரம் பாருங்கள்!

பெத்தாவிடம் இதைச் சொன்னேன். "ஊட்டக் கட்டிப்போட்டு நெருப்பும் வைக்கிறயா மனே? கிறுக்கா அவனுக்கு?" என்றா.

கிறுக்கில்லை பெத்தா. களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் 500, 600 பாகை செல்சியஸ் அளவில் கழன்றுவிடும். அதன்பின் எந்த மாரிக்கும் அந்தச் சுவர் சேறாகாது. ஆனால் நெஞ்சு படபடக்கும் இடமும் இதுதான். சூளையில் வேகாத கல்லைத் தூக்கி ஒதுக்கிவிடலாம். வேகாத சுவரை எங்கே ஒதுக்குவது? அடி முதல் உச்சிவரை ஒரே பதமாகச் சுடுவது லேசுப்பட்ட காரியமில்லை. இந்தக் கலை ஊரெங்கும் பரவாமல் போனது எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை.

என்றாலும் அறுந்துபோகவில்லை. பிற்பாடு கட்டிடக்கலைஞர் அனுபமா குண்டூ, வொலொந்தாரியா அமைப்பின் பிள்ளைகளுக்காகப் புதுச்சேரியில் இதே முறையில் குவிமாட வீடுகள் கட்டினார். சைக்கிள் சக்கரத்தின் வளையம்தான் அங்கே சன்னலுக்கு அச்சு!

மீக்கர் சுட்ட வீடுகளில் ஒன்றுக்கு அக்னி ஜாதா என்று பெயர். தீயில் பிறந்தவள். பெயரின் பொருளைச் சொன்னதும் பெத்தா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தா.

"அப்ப குசினிய எங்க வெச்சான்?"