புது வீட்டுக்குப் போன பூனை மாயம்!
3 வாரம் கதவைத் திறக்காதீர்கள்

சென்னை, –

கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் லாரியில் ஏற்றியாச்சு. பூனையையும் கூடையில் போட்டுப் புது வீட்டில் கொண்டு வந்து விட்டாச்சு. மறுநாள் காலையில் பார்த்தால் பூனையைக் காணோம்!

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஓட்டு வீடுகளை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகிறவர்கள் வீட்டில் நடக்கிற சங்கதி இது.

"பூனைதானே, எங்க விட்டாலும் பொழச்சுக்கும்" என்பார்கள். அது தப்பு. கன்னத்தை உரசித் தான் பூசி வைத்த வாசனையை வைத்துத்தான் பூனை தன் இடத்தை அடையாளம் காணும். புது வீட்டில் அந்த வாசனை இல்லை. கதவு திறந்ததும் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும். வழியில் பஸ், லாரிச் சக்கரம்!

ஒரே அறை

முதல் சில நாள் ஒரே அறையில் வையுங்கள். அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் போடுங்கள். மூலையில் ஒரு தட்டு மணல். சாப்பாடும் தண்ணீரும் தள்ளி இருக்கட்டும். பிறகு மற்ற அறைகள்.

3 வாரம் கழித்து, பசி வேளையில் கதவைத் திறந்து, ஐந்து நிமிஷத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். வந்துவிடும்.

மாடி வீடா?

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடியுங்கள். நாலு காலில் விழுந்தாலும் உயரத்தில் இருந்து விழுந்தால் காலும் தாடையும் உடையும்.

வெளியே விடும் முன் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் பூனைக்கும் வைத்தியம் உண்டு.

வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். பூனைக்கு 3 வாரம் கொடுத்தால் என்ன?