உயிர் காக்கும் கோட்டுக்குள் விஷம்! கணவரின் உடுப்பைச் சோதித்த மனைவி கிளப்பிய புயல்

தீ விபத்து என்று போன் வந்தால் நிருபர்கள் ஓடுகிறோம். ஆனால் தெருவோடு நின்றுவிடுகிறோம். உள்ளே நுழைகிறவர் தீயணைப்பு வீரர் ஒருவர்தான். அவர் உடம்புக்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது ஒரு கோட்டு, ஒரு கால்சட்டை. அவ்வளவுதான்.

அந்தக் கோட்டிலேயே கோளாறு என்றால்?

அமெரிக்காவில் அப்படி ஒரு விவகாரம் வெடித்தது. கோர்ட்டுக்குப் போனது. சட்டமும் வந்தது. இத்தனைக்கும் அதைக் கிளப்பியவர் விஞ்ஞானி இல்லை, அதிகாரியும் இல்லை. ஒரு தீயணைப்பு வீரரின் மனைவி. பெயர் டயான் காட்டர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே, வூஸ்டர் என்று ஓர் ஊர். அமெரிக்க தீயணைப்பு வீரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கண் கலங்குவார்கள். 1999 டிசம்பர் 3-ந் தேதி அங்கே ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே ஆட்கள் இருக்கலாம் என்று தேடப் போன 2 வீரர்கள் புகையில் வழி தவறிவிட்டார்கள். அவர்களைத் தேடி மேலும் 4 பேர் போனார்கள். 6 பேரும் திரும்பி வரவில்லை.

டயானின் கணவர் அந்த ஊர் தீயணைப்புப் படையில் 25 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். நெருப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. 2014-ல் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. வேலை முடிந்துபோனது.

தீயணைப்பு வீரருக்குப் புற்றுநோய் என்றால் புகை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டயான் அப்படி விடவில்லை. கணவர் போட்ட கோட்டையும் கால்சட்டையையும் எடுத்து விரித்துப் பார்த்தார். தேய்ந்து போன இடங்கள் கண்ணில் பட்டன. இது என்ன துணி, எதனால் செய்தது என்று கேட்கத் தொடங்கினார். கேள்வி சின்னதுதான். பதில்தான் எளிதில் கிடைக்கவில்லை.

சட்டைக்குள் சட்டை

பார்க்க ஒரே கோட்டு மாதிரி தெரியும். உள்ளே 3 அடுக்கு.

வெளி அடுக்கு நோமெக்ஸ், கெவ்லர் போன்ற நூல்களால் நெய்தது. இரண்டும் டூபாண்ட் கம்பெனியின் கண்டுபிடிப்பு. நைலானுக்கு இவை ஒரு வகையில் சொந்தம். ஆனால் குணம் வேறு. நைலான் சேலையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நோமெக்ஸ் உருகாது. கருகித் தடித்துப் போகும். கெவ்லர் 1965-ல் ஸ்டெபானி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்தது. குண்டு துளைக்காத சட்டைக்கும் அதே நூல்தான்.

உடம்பை ஒட்டிய அடுக்கு மெத்தை மாதிரி தைத்தது. அதில் வேலை செய்வது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் சிக்கிய காற்று. காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

நடு அடுக்கில்தான் விவகாரமே இருக்கிறது.

தீயணைப்பு வீரர் நெருப்பில் மட்டும் நிற்பதில்லை, தண்ணீரிலும் நிற்கிறார். கோட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அந்தச் சூட்டில் அது ஆவியாகி ஆளை வேகவைத்துவிடும். ஆகவே தண்ணீர் புகக்கூடாது. சரி, ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துத் தைத்துவிடலாமே? முடியாது. வியர்வை வெளியே போக வழியில்லாமல் உடம்பு கொதித்துப் போகும். அமெரிக்காவில் வேலையில் இருக்கும்போது சாகிற தீயணைப்பு வீரர்களில் மாரடைப்பால் சாகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் உள்ளே வரக்கூடாது, வியர்வை ஆவி வெளியே போகவேண்டும். இரண்டும் ஒரே துணியில் நடக்கவேண்டும்.

கோபத்தில் பிறந்த துணி

இதற்கு விடை 1969-ல் கிடைத்தது. பாப் கோர் என்பவர் டெலவேர் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். டெப்லான் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுவார்களே, அதுதான். சூடாக்கி மெதுவாக இழுத்தால் கொஞ்சம் நீண்டதுமே அறுந்துபோனது. திரும்பத் திரும்ப அறுந்தது. ஆத்திரத்தில் ஒரே வெட்டாக வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகவேண்டியது, கை அகலத்துக்கு நீண்டு நின்றது! சுமார் 10 மடங்கு.

அப்படி நீண்ட பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். ஒரு சொட்டுத் தண்ணீரைவிட அந்தத் துளை சுமார் 20 ஆயிரம் மடங்கு சிறியது. ஆனால் நீராவியின் மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. கொசுவலைக்குள் காற்று வரும், கொசு வராது. அதே கதைதான். கோர்டெக்ஸ் என்ற பெயரில் மழைக் கோட்டு, கூடாரம் என்று வந்தது. இதே வகைத் தாள் தீயணைப்பு வீரரின் கோட்டுக்குள்ளும் போனது.

3 அடுக்கும் சேர்ந்து எவ்வளவு நேரம் தாங்கும் தெரியுமா? அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால், தோல் கொப்பளிக்கும் முன் சுமார் 17 விநாடி. அமெரிக்க விதி கேட்பது குறைந்தபட்சம் அவ்வளவுதான். அந்த 17 விநாடிக்குள் ஆள் வெளியே வந்தாகவேண்டும்.

2 நிமிடத்தில் தெரிந்தது

டயான் தேடித் தேடி 2017-ல் ஒரு விஞ்ஞானியைப் பிடித்தார். இந்தியானா மாநிலம் நோட்ரடாம் பல்கலைக்கழக பௌதிகப் பேராசிரியர் கிரகாம் பீஸ்லி. ஆம்பர்கர் சுற்றித் தருகிற காகிதத்தில் புளோரின் ரசாயனம் இருக்கிறது என்று அதே ஆண்டு ஊருக்குச் சொன்னவர் அவர். அவரிடம் ஒரு கருவி இருந்தது. பொருள் மீது புரோட்டான் கதிரைப் பாய்ச்சினால் அதில் புளோரின் எவ்வளவு என்று ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

கோட்டுத் துணி அவர் கைக்குப் போனது. வந்த அளவைப் பார்த்து அவரே திடுக்கிட்டுவிட்டார். இவ்வளவு புளோரின் உள்ள துணியை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்றார். பிறகு புதியதும் பழையதுமாக 30-க்கும் மேற்பட்ட உடுப்புகளைச் சோதித்து, 2020-ல் ஆய்வாக வெளியிட்டார். வெளி அடுக்கிலும் நடு அடுக்கிலும் ரசாயனம் இருந்தது. அதைவிட மோசம், ரசாயனம் பூசாத உள் அடுக்கிலும் அது வந்து சேர்ந்திருந்தது. உடம்பைத் தொடுகிற அடுக்கு அதுதானே!

இந்த ரசாயனக் கூட்டத்துக்குப் பி.எப்.ஏ.எஸ். என்று பெயர். ஆயிரக்கணக்கில் வகை உண்டு. கார்பனும் புளோரினும் பிடித்துக்கொண்ட பிடி லேசில் விடாது. மண்ணில் மக்காது, தண்ணீரில் கரைந்து அழியாது. அதனால் 'அழியா ரசாயனம்' என்கிறார்கள். எல்லா வகையும் விஷம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதில் ஒன்றான பி.எப்.ஓ.ஏ. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் அறிவித்தது. தீயணைப்பு வேலையையே புற்றுநோய் தரும் தொழில் என்று அதே நிலையம் 2022-ல் சேர்த்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். டயானின் கணவருக்கு இந்தக் கோட்டால்தான் நோய் வந்தது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. புகை இருக்கிறது, கரி இருக்கிறது, எரிகிற வீட்டில் என்னென்னவோ இருக்கிறது. டயான் கேட்டது வேறு. இதற்குள் என்ன இருக்கிறது என்று போட்டுக்கொள்கிறவனிடம் ஏன் சொல்லவில்லை?

வெயில் படாத துணிக்கு வெயில் பரீட்சை

வேடிக்கையைக் கேளுங்கள். உடுப்புக்கான விதிகளை வகுப்பது அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்புச் சங்கம். நடு அடுக்குத் துணியை 40 மணி நேரம் கடும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவேண்டும், அதன் பிறகும் தண்ணீர் புகக்கூடாது என்று அந்த விதிகளில் ஒன்று இருந்தது. நடு அடுக்கு எங்கே இருக்கிறது? இரண்டு துணிக்கு நடுவே. அதற்கு ஏது வெளிச்சம்? ஆனால் இந்தப் பரீட்சையில் தேறியது டெப்லான் வகைத் தாள்தான் என்றது தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம். ரசாயனத்தைக் கோட்டுக்குள் கட்டாயமாகத் திணிப்பதே இந்த விதிதான் என்று 2023 மார்ச்சில் மாசசூசெட்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டது. குறிப்பிட்ட ரசாயனத்தைச் சேர் என்று எங்கள் விதி சொல்லவே இல்லை என்பது சங்கத்தின் பதில்.

அரசு ஆய்வுக்கூடமும் களத்தில் இறங்கியது. தேசிய தர அளவீட்டு நிலையம் 2023-ல் 20 வகைத் துணிகளைச் சோதித்து 26 வகை பி.எப்.ஏ.எஸ். கண்டது. துணி தேயத் தேய, சூடு படப் பட அளவு கூடுகிறது என்று 2024-ல் சொன்னது. தீயணைப்பு வீரரின் கோட்டு தேயாமலும் சூடு படாமலும் இருக்குமா?

2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. வேண்டுமென்று இந்த ரசாயனம் சேர்த்த உடுப்பை 2027 ஜனவரி 1 முதல் விற்கக்கூடாது. கனெக்டிகட் மாநிலம் 2028 என்று கெடு வைத்தது.

மாற்றுத் துணி இல்லையா? இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். புளோரின் பூசாத வெளித்துணி தண்ணீரைத் தள்ளிவிடும், எண்ணெயைத் தள்ளாது என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். பெட்ரோல், டீசல் தெறித்த கோட்டோடு நெருப்புக்குள் போனால் கோட்டே பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒரு பக்கம் உடனே சுடுகிற நெருப்பு, மறுபக்கம் 20 ஆண்டு கழித்து வரக்கூடிய நோய். துணிக் கம்பெனிகள் இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடுகின்றன.

அதுவரை தொழிற்சங்கம் வீரர்களுக்குச் சொல்லியிருப்பது இது: தேவையில்லாத அழைப்புக்கெல்லாம் இந்தக் கோட்டைப் போடாதே. வீட்டுக்குக் கொண்டு போகாதே. படுக்கும் அறையில் தொங்கவிடாதே. தொட்டால் கையைக் கழுவு.

சட்டம் புதிய உடுப்பு விற்பதைத்தான் தடுக்கிறது. நிலையங்களில் ஏற்கெனவே தொங்குகிற உடுப்புகளை அது தொடவில்லை. ஒரு ஜோடியின் விலை பல ஆயிரம் டாலர். சிறிய ஊர்களில் அதே பழைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த அழைப்புக்கு ஓடுகிறார்கள்.