வண்டிக்கு அடிப்படை எது?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. இன்று நான் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருளுக்கு இப்பழமொழி முற்றும் பொருந்தும். சாலையில்லாத இடத்திலும் சுமையோடு செல்லவல்ல ‘பிக்-அப்’ என்னும் சிறு சரக்கு வண்டியை, வேறொரு வண்டியிலிருந்து மாற்றி அமைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பின்புறத்தை வெட்டிவிட்டு, பட்டறையில் ஒரு பாடி கட்டினால் வேலை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். பாடி கட்டுவது எளிது. எந்த வண்டியின்மேல் கட்டுவது என்பதே கேள்வி. அதற்கான விடையில் பணம் மட்டுமன்று, வண்டியில் செல்வோரின் உயிரும் அடங்கியிருக்கிறது.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எண்ணிவிட வேண்டா. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பொழிந்தது. நகரத் தெருக்களிலேயே இராணுவத்தினர் வந்து மக்களை மீட்டனர். அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதியையும் வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வேளையில் அரிசியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு சேற்றையும் மணலையும் கடந்து செல்லும் ஒரு வண்டியின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதலில் வேலையை வரையறுக்க வேண்டும். வண்டியைப் பிறகுதான் தேட வேண்டும். பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தின் தலைவராயிருந்த பியேர்-ஜூல் புலான்ழே என்பார் 1930களில் இம்முறையைத்தான் பின்பற்றினார். இரண்டு உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் ஓட வேண்டும். உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடையக் கூடாது. இதுவே பொறியாளர்களுக்கு அவர் இட்ட கட்டளை. 1948இல் வெளிவந்த புகழ்பெற்ற ‘தே செவோ’ என்னும் வண்டி அக்கட்டளையின் விளைவேயாம். நம் வேலையையும் அவ்வாறே எழுதிக்கொள்வோம்: சுமை 500 கிலோ, பாதை, பாகூரின் களிமண்ணும் கடற்கரை மணலும் வெள்ளநீரும்.

இனி அடிச்சட்டத்தைக் கவனிப்போம். இன்றைய கார்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. மூடிய அட்டைப்பெட்டி ஒன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. மேல்மூடியை வெட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள்; உடனே வளைந்து கொடுக்கும். அத்தகைய காரின் பின்கூரையை வெட்டினாலும் நிகழ்வது இதுவே. ஜீப்பிலும் லாரியிலும் அமைப்பு வேறு. நீளவாட்டில் இரண்டு எஃகு விட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் என ஏணியைப் போன்ற அடிச்சட்டம் அவற்றுக்கு உண்டு. பட்டறைக்காரர்கள் இதனைச் ‘சேஸ்’ என்பார்கள். மேலுள்ள பாடியைக் கழற்றிவிட்டாலும் ஏணியின் வலிமை குறையாது. ஆகவே ஏணிச் சட்டமுள்ள வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முதல் விதி.

இரண்டாவது விதி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பாரம் அழுத்தினால் மறுமுனை எழும்புகிறதன்றோ? பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 500 கிலோ சுமையின் நடுப்புள்ளி அமைகிறது எனக் கொள்வோம். அச்சுகளின் இடைவெளி 2 மீட்டரானால், 500ஐ அரையால் பெருக்கி 2ஆல் வகுக்க, 125 கிலோ வருகிறது. அத்தனை பாரம் முன் சக்கரங்களிலிருந்து நீங்கிவிடும். பின் அச்சோ 625 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கும். இடைவெளி 3 மீட்டரானால் முன்புறம் இழப்பது ஏறத்தாழ 83 கிலோதான். அன்றியும், நீண்ட வண்டியில் தட்டின் பெரும்பகுதியைப் பின் அச்சுக்கு முன்னாலேயே அமைத்துவிடலாம். முன் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் திருப்பும் பிடி தளரும். மேட்டில் ஏறும்போது அது பேராபத்து.

இக்கணக்கை வரலாறும் உறுதி செய்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பைக் ‘கால் டன்’ வண்டி என்று வகைப்படுத்தினர். அதன் அச்சு இடைவெளி 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மீட்டர். அந்த நிறுவனமே 1947இல் நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்-அப் வண்டியை வெளியிட்டபோது, இடைவெளியை 118 அங்குலமாக, ஏறத்தாழ 3 மீட்டராக நீட்டியது. ஜீப்பைச் செய்தவர்களே ஜீப்பின் நீளம் சரக்குக்குப் போதாது என்று கண்டனர். நம் நாட்டிலும் தார் வண்டியின் இடைவெளி 2.45 மீட்டர், ஸ்ரீசிட்டியில் உருவாகும் இசுசூ பிக்-அப் வண்டியின் இடைவெளியோ 3 மீட்டருக்கும் சற்று மிகுதி. முன்னது ஆள் செல்ல ஏற்றது. பின்னது சுமை செல்ல ஏற்றது.

மூன்றாவது, சக்கரங்களின் இயக்கம். பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால், மற்றொன்று உறுதியான தரையில் நின்றாலும் பயனில்லை. ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பல்சக்கர அமைப்பு இரு பக்கத்துக்கும் சமமான விசையையே தரும்; வழுக்கும் சக்கரம் ஏற்கும் சிறு விசைக்குமேல் மற்றதற்கும் கிட்டாது. முன் அச்சும் சேர்ந்து இயங்கினால் பிடிப்பு பெருகும். தாழ்வேகக் கியர் பெட்டியும் இருந்தால், இயந்திரம் பெரிதாயில்லாவிடினும் வண்டி மெல்ல ஊர்ந்து கரையேறும். இவ்விரண்டையும் பின்னர்ப் பொருத்துவது பெருஞ்செலவு. ஆதலின் வாங்கும்போதே உள்ள வண்டியை வாங்குவதே அறிவுடைமை. வெள்ளத்துக்குச் செல்ல வேண்டுமாயின், இயந்திரம் காற்றை உள்ளிழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. உருளைக்குள் நீர் புகுந்தால் உந்துதண்டே வளைந்துவிடும்.

நான்காவது, எடைக் கணக்கு. நிறுவனம் அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றத்தக்க சுமை. எடுத்துக்காட்டாக, மொத்தம் 2,500 கிலோ, சொந்த எடை 1,800 கிலோ என்றால் மீதி 700. பழைய பின்பகுதியை நீக்கி 150 கிலோ குறைத்து, 250 கிலோ இரும்புத் தட்டைக் கட்டினால் மீதி 600ஆகச் சுருங்கும். அந்த 600இலேயே ஓட்டுநரும் உடன் செல்வோரும் அடக்கம். ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வண்டியின் அச்சையே வள்ளுவர் உவமையாக்கியிருப்பதை இங்கு நினைவுகூர்வது நன்று.

பழைய வண்டி வாங்குவோர்க்கு ஒரு சொல். நம் ஊர் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். வண்ணப்பூச்சின் பளபளப்பைக் கண்டு மயங்காமல், அடியில் குனிந்து சட்டத்தைச் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். வில்பட்டைகள் சேரும் இடங்களில் வெடிப்பு உண்டா என நோக்குங்கள். சேஸ் எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

இறுதியாகச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் திருத்தியமைப்பதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டு வந்த திருத்தச் சட்டப்படி, மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதைக் கெடுபிடி என்று சிலர் குறைகூறுவர். ஆயினும் மேலே நாம் போட்ட நெம்புகோல் கணக்கையும் எடைக் கணக்கையும் போடாமலே வெட்டி ஒட்டிய வண்டி, அதில் இருப்பவரை மட்டுமா கவிழ்க்கும்? எதிரே வருவோரையும் அன்றோ இடிக்கும்!

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. ஓட்டுநர் அறையும் அடிச்சட்டமும் மட்டும் உள்ள புதிய சரக்கு வண்டிகளை நிறுவனங்களே விற்கின்றன. அத்தகையதொன்றை வாங்கி, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பாடி கட்டி, அவ்வாறே பதிவு செய்துகொள்ளலாம். ஏணிச் சட்டம், 3 மீட்டர் இடைவெளி, நான்கு சக்கர இயக்கம், போதிய எடைத் தகுதி ஆகிய நான்கையும் அதில் பாருங்கள். நான்கும் அமைந்திருந்தால், அடுத்த புயலின்போது அவ்வண்டி பாகூர் வரை சென்று, திரும்பியும் வரும்.