ஆள் சேர்ந்தால்தான் அழுகும்

மூட்டையில் ஓர் உருளைக்கிழங்கு அழுகியிருந்தால், விரல் பட்டதுமே கூழாகிவிடும். நாற்றம் தாங்க முடியாது. இந்த மென்னழுகல் நோயைத் தரும் பாக்டீரியாவில் ஒன்று எர்வினியா. கிழங்குக்குள் நுழைந்ததும் அது தாக்குவதில்லை. காத்திருக்கிறது.

எதற்காக? தோட்டத்தில் வேலை செய்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பெரட்டைப் பற்றிக் கேளுங்கள். விடியற்காலையில் கிராணி ஆள் கணக்கு எடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். எர்வினியாவுக்கும் ஒரு பெரட்டு உண்டு. ஒவ்வொரு செல்லும் ஏ.எச்.எல். என்ற சிறு மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. பாக்டீரியா சிலவே இருந்தால் அது பரவிக் காணாமல் போய்விடும். அவை பெருகப் பெருக, சுற்றிலும் அதன் செறிவு கூடும். போதிய அளவை எட்டியதும், செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. உடனே எல்லாச் செல்களும் சேர்ந்து, கிழங்கின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. முன்னதாகவே ஒன்றிரண்டாகத் தாக்கினால் செடி விழித்துக்கொள்ளும் அல்லவா!

2000-இல் சிங்கப்பூரில் லியான்-ஹுய் சாங்கின் ஆய்வுக்குழு, பசிலஸ் என்ற பாக்டீரியாவில் இந்தச் சேதியை அழிக்கும் நொதி ஒன்றைக் கண்டறிந்தது. மறு ஆண்டே அதன் மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் புகுத்திக் காட்டினார்கள். அந்தச் செடிகள் அழுகலை எதிர்த்து நின்றன.

இந்த நொதிக்கு உலோகமே தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2005-இல் அதன் அமைப்பு தெளிவானபோது, நடுவே இரண்டு துத்தநாக அயனிகள் அருகருகே அமர்ந்திருந்தன! அவை நீர் மூலக்கூறு ஒன்றைப் பிடித்து ஹைட்ராக்சைடு அயனியாக்கி வைத்திருக்கும். ஏ.எச்.எல். மூலக்கூறில் லாக்டோன் என்ற வளையம் இருக்கிறது. ஹைட்ராக்சைடு அதைத் தாக்க, வளையம் உடைந்து திறந்துகொள்கிறது. திறந்த மூலக்கூறு அந்தப் புரதத்தில் பொருந்தாது. ஆள் எத்தனை இருந்தாலும் கணக்கு நிறையாது.

துத்தநாக உப்பைக் கரைத்து ஊற்றினால் போதுமா என்று கேட்காதீர்கள். அயனிகளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் புரதம் வேண்டும்.

மருத்துவர்களுக்கும் இதில் ஆர்வம் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாக்டீரியாவைக் கொல்லும்போது, தப்பிப் பிழைத்தவை பெருகி, மருந்துக்கு மசியாத கூட்டமாகிவிடுகின்றன. கொல்லாமல் பேச்சை மட்டும் நிறுத்தினால் அந்த நெருக்கடி குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால், ஸ்டாபிலோகாக்கஸ் போன்றவை பேசும் மொழியே வேறு. அவற்றின் சேதி சிறு புரதத் துண்டு. இந்தத் துத்தநாகக் கத்திரி அங்கே செல்லாது.

நம் செம்பனைத் தோட்டங்களில் பைப்புழுவை ஒழிக்கத் தெளிக்கும் பசிலஸ் துரின்ஜியென்சிஸிலும் இந்த நொதி உண்டு. வீட்டுக் கொல்லையில் இஞ்சி நட்டிருக்கிறீர்களா? இஞ்சி வேரை ஒட்டிய மண்ணில் ஏ.எச்.எல்.லைச் சிதைக்கும் வேறு பாக்டீரியாக்களும் வாழ்வதை, மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள்.